தருமபுரியிலிருந்து தரங்கம்பாடிக்கு: மாணவர்களைக் கடற்கரைக் கோட்டை நகரத்துக்கு அழைத்துச் செல்ல முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர்களின் வருகையைப் பற்றிய பாடத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர்களுக்குச் சில வரிகளே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சில வரிகளுக்குக் கல்லும் காரையுமாகச் சாட்சி சொல்ல ஓர் ஊரே மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் நிற்கிறது. அதைப் பிள்ளைகள் ஒரு முறையாவது நடந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புதிதாக அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வண்டி நேராகக் கடற்கரையில் போய் நிற்கிறது. பிள்ளைகள் அலையை நோக்கி ஓடுகிறார்கள். கோட்டை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள், அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். ஊரைக் கேட்டால் கடல் என்கிறார்கள். கோட்டையைக் கேட்டால் மஞ்சள் கட்டடம் என்கிறார்கள். பார்க்கும் வரிசையை மாற்றினாலே பயணத்தின் பலன் மாறிவிடும். தரை வாசலில் தொடங்கிக் கடலில் முடிக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த வரிசைக்காகத்தான்.

1. முதலில் உள்ளூர் மலைக்கோட்டை

பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ராயக்கோட்டைக்கோ கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கோ ஒரு காலை நேரம் அழைத்துச் செல்லுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் மலை உச்சி. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மணலில் நிற்கும் கோட்டையைப் பார்க்கும்போதுதான் கேள்வி பிறக்கும். கேள்வி இல்லாமல் போகிறவர்களுக்கு அது இன்னொரு பழைய கட்டடம்.

காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். உச்சியில் நிழல் குறைவு. ஒவ்வொருவரிடமும் தண்ணீர் இருக்க வேண்டும்.

மேலே ஏறியதும் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான்? தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது? வாசலுக்கு நேராக வர முடிகிறதா, வளைந்து வர வேண்டியிருக்கிறதா? விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். இதே மூன்று கேள்விகளைத் தரங்கம்பாடியில் திரும்பக் கேட்கப் போகிறோம்.

ஒரே ஒரு செய்தியை இங்கேயே சொல்லி வையுங்கள். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் ராயக்கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு கிருஷ்ணகிரியில் கீழ்க்கோட்டை வரை வந்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி நம் மாவட்டங்களை உள்ளடக்கிய பாரமகால் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1792 என்ற எண் எல்லார் நோட்டிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அது பின்னால் உதவும்.

2. அனுமதிகளும் கடிதங்களும்

தலைமை ஆசிரியரின் ஒப்புதல், கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் மூன்றும் கையில் வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். வரிசை மாறினால் அனுமதி தாமதமாகும்போது டிக்கெட்டை ரத்து செய்யவேண்டி வரும். அந்தப் பணம் பிள்ளைகளின் பணம்.

பெற்றோர் கடிதத்தில் இரண்டு செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, தேவாலயங்களுக்கும் கோயிலுக்கும் வரலாற்றுப் பாடத்துக்காகப் போகிறோம் என்பது. இதைச் சொல்லாமல் அழைத்துப் போய்விட்டுப் பின்னால் விளக்கம் சொல்வது யாருக்கும் நல்லதல்ல. முன்கூட்டியே சொன்னால் பெற்றோர் மறுப்பது மிக அரிது. இன்னொன்று, கடலில் குளிக்க அனுமதி இல்லை என்பது. வீட்டிலேயே இந்தப் பேச்சு முடிந்துவிட்டால் கரையில் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

அங்கே முன்கூட்டியே பேச வேண்டிய இடங்கள் மூன்று: கோட்டை அருங்காட்சியகம், புதிய எருசலேம் ஆலயம், சீயோன் ஆலயம். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை ஞாயிறாகத்தான் இருக்கும் என்று நீங்களாக எண்ணிவிட வேண்டாம்; நாளையும் திறக்கும் நேரத்தையும் போனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய குழுக்களை நான் அறிவேன். ஆலயங்கள் இரண்டும் இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள். திருமணமோ அடக்க ஆராதனையோ இருக்கலாம். போதகரிடம் முன்பே சொல்லி வைத்தால் அவர்களே நல்ல நேரத்தைச் சொல்வார்கள்.

3. மாதமும் கிழமையும்

பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள காலம்தான் மிகவும் ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அந்தக் கரையை நேராக அடிக்கும். புயல் சின்னம் ஒன்று உருவானாலே எல்லாம் கெட்டுவிடும். ஏப்ரலுக்கு மேல் வெயிலோடு உப்புக் காற்றும் சேரும். நம் பக்கத்து வறண்ட வெயிலுக்குப் பழகிய பிள்ளைகள் கடற்கரைப் புழுக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆலயங்களில் ஆராதனை, கடற்கரையில் கூட்டம்.

4. எத்தனை பேர், யார் யார்

நாற்பது மாணவர்களுக்கு மேல் வேண்டாம். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவிகள் வந்தால் ஆசிரியைகள் இருவராவது வர வேண்டும். ஒருவர் உடல்நலம் குன்றிய பிள்ளையோடு அமர நேர்ந்தால் மற்றவர் குழுவோடு போக முடியும்.

பத்துப் பேர் கொண்ட குழுவைப் பயணத்துக்கு முன்பே பிரித்து, மலைக்கோட்டைக்குப் போகும்போதே அந்தக் குழுவாக நடக்கப் பழக்குங்கள். ரயில் நிலையத்தில் குழு பிரிப்பது வீண் சத்தம். குழுத் தலைவருக்கு ஒரு வேலைதான்: எண்ணிக்கை. ரயிலில் ஏறியதும், இறங்கியதும், ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் அவர் எண்ணிச் சொல்ல வேண்டும்.

5. பயணம்

மைசூருவிலிருந்து ஓசூர், தருமபுரி, சேலம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்குப் போகும் இரவு ரயில்தான் நமக்கு வசதி. இரவில் தருமபுரியில் ஏறிப் படுத்தால் காலையில் மயிலாடுதுறை. தனிப் பேருந்து எடுத்தால் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்க வேண்டும். மறுநாள் நடக்கத் தெம்பிருக்காது. கிருஷ்ணகிரி ஊரில் ரயில் நிலையம் இல்லாததால் அந்தப் பக்கத்துப் பள்ளிகள் மாலையிலேயே தருமபுரிக்கு வந்துவிட வேண்டும்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். ஒரு படிவத்தில் 6 பேருக்குத்தான் இடம் கேட்க முடியும். நாற்பது பேருக்குக் கவுன்டரில் நின்று ஏழு படிவம் நீட்டினால் பெட்டிகள் சிதறிப் போகும். நிலைய முன்பதிவு அலுவலரிடம் பள்ளிக் கடிதத்தோடு போய்க் குழு முன்பதிவுக்கு வழி கேளுங்கள். மாணவர் சுற்றுலாவுக்கான கட்டணச் சலுகையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தருமபுரியில் ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான். எந்தக் குழு எந்தப் பெட்டி என்று பிளாட்பாரத்திலேயே பிரித்து, பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராக நிறுத்தி வையுங்கள். எல்லாரும் ஒரே கதவில் ஏறி உள்ளே நடந்து போகலாம் என்பது நடக்காத காரியம்.

இன்னொரு எச்சரிக்கை. அந்த ரயில் பல ஆண்டுகள் மயிலாடுதுறையோடு நின்றது. கடைசி நிலையம்தானே என்று தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்ற பழக்கம் பலருக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அது கடலூர் வரை போகிறது. கும்பகோணம் தாண்டியதுமே பிள்ளைகளை எழுப்பிப் பைகளைக் கட்டச் சொல்லுங்கள்.

இரவு உணவை வீட்டிலிருந்தே கட்டி வரச் சொல்லுங்கள். புளிச்சாதம் கெடாது, தயிர்ச்சாதம் வேண்டாம். மயிலாடுதுறையில் முகம் கழுவிச் சிற்றுண்டி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தரங்கம்பாடி சிறிய ஊர். நாற்பது பேர் திடீரென்று போய் நின்றால் இட்லி கிடைக்காது. மதியச் சாப்பாட்டையும் பக்கத்துப் பொறையாற்றிலோ மயிலாடுதுறையிலோ முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

கழிப்பறையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாணவிகள் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மயிலாடுதுறையில் எங்கே, ஊருக்குள் எங்கே, மதியம் எங்கே என்று மூன்று இடங்களை முன்கூட்டியே விசாரித்து, காலையிலேயே மாணவிகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த இடம் எப்போது என்று தெரிந்தால் அவர்கள் தயங்காமல் தண்ணீர் குடிப்பார்கள்.

6. தரை வாசலில் இறங்குங்கள்

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஓட்டுநரிடம் கோட்டை என்று சொல்லாதீர்கள். கடற்கரைக்கே கொண்டுபோய் விடுவார். நகர வாசல் என்று சொல்லுங்கள். வளைவுக்கு உள்ளே போகாமல் வெளியே, சாலைப் பக்கமே இறங்க வேண்டும்.

ஏன் வெளியே? அந்நகரத்தைச் சுற்றி மதில் இருந்தது. மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. வாசல் மட்டும் நிற்பதால் அது ஏதோ வரவேற்பு வளைவு போலத் தோன்றும். மதில் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று பிள்ளைகளைக் கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள். ராயக்கோட்டையில் கேட்ட முதல் கேள்வியை இங்கே கேளுங்கள்: எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான்? பெரும்பாலோர் கடலைக் காட்டுவார்கள். அப்படியானால் கடலுக்கு முதுகு காட்டி, வயல்களைப் பார்த்தபடி இந்த வாசல் ஏன்? தஞ்சையின் படைகள் தரை வழியாகத்தான் வரும். டேனியர்களுக்கு நிலத்தைக் கொடுத்ததே தஞ்சை நாயக்கர்கள்தான்; இடம் கொடுத்தவர்களோடு எப்போதும் உறவு சீராக இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா?

பிறகு வாசலின் மேல் பொறித்திருக்கும் ஆண்டைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் விரல் நீட்டிக் காட்டாதீர்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யாரோ ஒருவர் சத்தமாக 1792 என்பார். உடனே நோட்டுகள் புரளும். பாரமகால் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே ஆண்டு! நம் ஊரில் மலைக்கோட்டைகள் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே டேனியர் வாசல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் திணறும் பிள்ளைகூட இந்த ஓர் ஆண்டை மறப்பதில்லை. மலைக்கோட்டைக்கு முதலில் போகச் சொன்னதன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது.

இங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள். வாசலைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். செல்போன் படம் வேண்டாம். வரைகிற கண்தான் முத்திரையையும் எழுத்தையும் கவனிக்கும்.

7. கிங் தெருவும் இரண்டு ஆலயங்களும்

வாசலிலிருந்து கடலை நோக்கி நேராக ஓடுவது கிங் தெரு. சாலையின் ஒரே பக்கமாக நடக்கச் செய்யுங்கள். இருபுறமும் வீடுகள், பள்ளிகள், விடுதிகள். மக்கள் வாழும் தெரு. திறந்த கதவு என்பதற்காக யார் வீட்டு முற்றத்திலும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லுங்கள்.

சீயோன் ஆலயம் 1701-ஆம் ஆண்டையது. டேனியக் குடியிருப்பினருக்காகக் கட்டப்பட்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் திறக்கப்பட்டது. இது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு எழுப்பியது. ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில், ஏன் இரண்டு ஆலயங்கள் என்று கேளுங்கள். யாருக்காக என்ற விடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடநூலில் இல்லாத ஒரு சமூக உண்மை அந்தத் தெருவின் அமைப்பில் இருக்கிறது.

உள்ளே போகும்போது செருப்பை வாசலில் விட்டுவிடச் சொல்லுங்கள், பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். புதிய எருசலேம் ஆலயத்தில் பலிபீடத்தின் முன்னே சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலையில் புளூட்சோ என்ற சக பாதிரியாரோடு இங்கே வந்திறங்கிய அவர் 1719-ல் மறைந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாற்றில் தாள் செய்யும் பட்டறையும் எழுந்தது. கடுதாசிப் பட்டறை என்ற பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது.

இங்கே ஒரு செய்தியை மறக்காமல் சொல்லுங்கள். அதற்காகத்தான் ஆலயத்தைக் கோட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். டேனிய மன்னர் அனுப்பிய பாதிரியாரான சீகன்பால்குவை டேனிய ஆளுநரே 1708-ல் கைதுசெய்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்து வைத்தார். அச்சமயத்தில் ஆளுநராக இருந்தவர் ஹாசியுஸ். மன்னர் ஒரு வழி, வணிகக் கம்பெனி ஒரு வழி. ஐரோப்பியர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கம் பிள்ளைகளுக்கு இங்கே உடையும். எந்த அறையில் அடைத்திருப்பார்கள் என்ற ஆவலோடு அவர்கள் கோட்டைக்குள் நுழைவார்கள். கோட்டையை முதலில் பார்த்துவிட்டால் கீழ்த்தள அறைகள் வெறும் இருட்டறைகள்.

8. கோயில்

கோட்டை திறக்கும் முன் கிடைக்கும் நேரத்தில் கரையோரமாக உள்ள மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில் இது. டேனியர் வருமுன்பே முந்நூறு ஆண்டு கடந்த ஊர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெளிநாட்டார் வந்துதான் இந்த ஊர் உண்டானது என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளைகூடத் திரும்பிவிடக் கூடாது.

கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. இப்போது பார்ப்பது பெரும்பாலும் அண்மைக்காலத்தில் புதுப்பித்தது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகளைக் காட்டி, கடல் எங்கே இருந்திருக்கும், எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கேளுங்கள். பாறைமேல் யாரையும் ஏறவிடாதீர்கள். ஈரப்பாறை வழுக்கும், மலையேறிப் பழகிய நம் பிள்ளைகள்தான் துணிச்சலாக ஏறி விழுவார்கள்.

9. ஆளுநர் மாளிகையும் அணிவகுப்புத் திடலும்

கோட்டைக்கு எதிரே தூண் வரிசையோடு நிற்பது ஆளுநர் மாளிகை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநர் கோட்டையை விட்டு இதற்குக் குடிமாறினார். வெளியிலிருந்து பார்த்தால் போதும். திடலில் நிழலுள்ள இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் உட்கார்த்தி, ஆளுக்கொரு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுங்கள். எண்ணிக்கை சரிபாருங்கள்.

10. கோட்டை

வாசலுக்குள் போகும் முன் வெளியே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இதைச் செய்யாத குழுக்களே அதிகம். உள்ளே போய்விட்டால் கோட்டை வெறும் முற்றமும் அறைகளுமாகத் தெரியும். வெளிச்சுவர்தான் அது கோட்டை என்று சொல்லும்.

"சார், மலை எங்கே?" என்று சூளகிரிப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். மலை இல்லை. ஆகவே மலை செய்த வேலையை எல்லாம் மனிதர்கள் செய்ய வேண்டியிருந்தது. செங்குத்துப் பாறைக்குப் பதிலாகச் சாய்வான தடித்த சுவர். சரிவுக்குப் பதிலாக அகழி. இன்று அது தூர்ந்து மறைந்துவிட்டது. அதைக் கடக்க ஒரு தூக்குப் பாலம் இருந்தது. மூலைகளில் கொத்தளங்கள் ஏன் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு மாணவரை மூலையில் நிறுத்தி, சுவரின் அடிப்பகுதி இரு பக்கமும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியும். அங்கே ஒரு பீரங்கி இருந்தால் சுவரோடு ஒட்டி வருபவனும் தப்ப முடியாது. பீரங்கிக் காலத்தில் உயரமான சுவர் நல்ல இலக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது ஏன் தாழ்வாக இருக்கிறது என்பது புரியும்.

பிறகு உள்ளே. பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். கீழ்த்தளம் முதலில், மேல்தளம் அடுத்து, அருங்காட்சியகப் பொருள்கள் கடைசியில். கீழே சரக்கறைகளும் சிறையும் வீரர்கள் தங்கிய இடங்களும். மேலே ஆளுநரும் பாதிரியார்களும் குடியிருந்த அறைகள். சரக்குக்கு மேல் ஆளுநர் குடியிருந்தார் என்பதே இந்தக் கோட்டையின் நோக்கத்தைச் சொல்லிவிடும். இது வணிகக் கம்பெனியின் கிடங்கு. கிடங்கைக் காக்கத்தான் கொத்தளம். நம் மலைக்கோட்டைகள் வழியையும் நாட்டையும் காத்தவை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் சொற்களில் எழுதட்டும்.

அருங்காட்சியகத்தை முதலில் திறந்துவிட்டால் எல்லாரும் திமிங்கில எலும்பின் முன்னால் குவிந்துவிடுவார்கள். பிறகு அவர்களை நகர்த்துவது பெரும்பாடு. கட்டடத்தைப் பார்த்து முடித்தபின் விடுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எழுத வேண்டும். சீனத் தேயிலை ஜாடியைத் தேர்ந்தவரும் பீரங்கிக் குண்டைத் தேர்ந்தவரும் மதியம் பேசிக்கொள்ளும்போது இந்த ஊரின் வாணிபம் முழுவதும் வெளியே வரும்.

ஆண்டுகளில் நான்கு போதும். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை. 1808-ல் ஆங்கிலேயர் கைப்பற்றி 1815-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1845-ல் டேனியர் இதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கிருஷ்ணகிரி மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியவர்கள் இந்தக் கோட்டையைச் சண்டையின்றியே பெற்றார்கள் என்பதையும் சொல்லி, ஏன் என்று கேட்டு விடுங்கள். கடலில் யாருக்குக் கப்பல் அதிகம் என்பதுவரை யோசித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவசரப்பட்டு விடை சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

11. கடல்

நம் பிள்ளைகளில் பலர் கடலை முதன்முதலாகப் பார்ப்பது அன்றுதான். அதைத் தள்ளிவைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆகவே காலையிலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்குக் கடற்கரை, முக்கால் மணி நேரம். நேரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கணுக்கால் நனையலாம், அதற்கு மேல் இல்லை. ஆசிரியர்கள் கரையில் அல்ல, தண்ணீரில், பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தத் தெரிந்தவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இழுக்கும் நீரை அவர்கள் அறிந்ததில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையில் பல உயிர்களைக் கொண்டுபோனது. மீனவர் குடியிருப்புப் பக்கம் விளையாட்டுப் படங்கள் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் மதிப்பார்கள்.

மூன்றரை மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். திரும்பும் ரயில் மயிலாடுதுறையில் மாலையில் வருகிறது. நேரத்தை முந்தின நாளே சரிபார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கும்படி புறப்படுங்கள்.

12. திரும்பிய பின்

மறுநாள் விடுமுறை விடுங்கள். அதற்கடுத்த வகுப்பில், நோட்டைப் பார்க்காமல், தரை வாசலிலிருந்து கடல் வரை ஊரின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். நடந்த வரிசை சரியாக இருந்தால் வரைபடம் தானாக வந்துவிடும். பிறகு ஆண்டுகளை அட்டைகளில் எழுதி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 1791, 1792 அட்டைகளில் நம் ஊரும் அந்த ஊரும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

வரைந்தவற்றில் நல்லதாக மூன்று படங்களைத் தேர்ந்து, இரண்டு ஆலயப் போதகர்களுக்கும் அருங்காட்சியகக் காப்பாளருக்கும் நன்றிக் கடிதத்தோடு ஒரு வாரத்துக்குள் அஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். அடுத்த ஆண்டு அனுமதி கேட்டுப் பேசும்போது பள்ளியின் பெயரைச் சொன்னதுமே அவர்களுக்கு நினைவு வரும்.